தோற்றால் பாடம் கிடைக்குமா? தொழில் தோல்வி பற்றி தரவுகள் சொல்வதும் சட்டம் கேட்பதும்

"ஃபெயிலியர்தான் பெஸ்ட் டீச்சர்." லிங்க்ட்இன் பக்கம் போனால் இந்த வரி கண்ணில் படாத நாள் இல்லை. மூன்று முறை தோற்றேன், நான்காவது முறை ஜெயித்தேன், அதனால் நீங்களும் வேலையை விட்டுவிட்டு இறங்குங்கள் என்கிற ரகம். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மாதச் சம்பளம், வீட்டுக் கடன் இ.எம்.ஐ., பெற்றோரின் மருத்துவச் செலவு என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஒருவருக்கு, இந்த வரி உண்மையா என்று தெரிந்தாக வேண்டும்.

தோல்வி தானாகவே பாடம் நடத்துகிறதா? ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? இந்தியாவில் ஒரு நிறுவனம் தோற்றால் அதன் பில் யார் கைக்கு வரும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக:

• தோல்வி மட்டுமே அடுத்த முயற்சியின் வாய்ப்பைப் பெரிதாக உயர்த்துவதில்லை. இருக்கும் ஆய்வுகள் காட்டும் வித்தியாசம் மிகச் சின்னது.

• கடைசியில் ஜெயித்தவர்களும் ஜெயிக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு முயன்றிருக்கிறார்கள். ஒரு முயற்சியிலிருந்து அடுத்ததற்கு எதை எடுத்துப் போனார்கள் என்பதில்தான் வேறுபாடு.

• பாடம் கற்க, தோல்விக்குப் பிறகும் நீங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதை முடிவு செய்வது இழப்பின் அளவும், நீங்கள் போட்ட கையெழுத்துகளும்.

• கம்பெனியைத் திறப்பது போலவே மூடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மூடாமல் விட்டால் அடுத்த தொழிலுக்கே தடை வரலாம்.

"90 சதவீதம் தோற்கும்" என்ற கணக்கு எவ்வளவு சரி?

இந்தியாவில் ஸ்டார்ட்அப்களில் 90 சதவீதம் 5 ஆண்டுக்குள் தோற்றுவிடும் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஐ.பி.எம். நிறுவனமும் ஆக்ஸ்ஃபோர்டு எகனாமிக்ஸும் 2016-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையோடு சேர்த்து இந்த எண் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'தோல்வி' என்று எதைச் சொல்கிறார்கள்?

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஷிகர் கோஷ், முதலீட்டு நிறுவனங்களிடம் பணம் வாங்கிய 2,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்தார். 2012-ல் வெளியான அவருடைய கணக்கு இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம். போட்ட பணம் முழுவதும் காலியானால்தான் தோல்வி என்றால், 30 முதல் 40 சதவீதம் தோற்றன. முதலீட்டாளரின் பணம் திரும்பி வராவிட்டாலே தோல்வி என்றால், சுமார் 75 சதவீதம். ஆரம்பத்தில் சொன்ன வளர்ச்சி இலக்கைத் தொடாததெல்லாம் தோல்வி என்றால், 95 சதவீதம். நிறுவனங்கள் அதேதான். வரையறையை மாற்றினால் 30 என்பது 95 ஆகிவிடுகிறது.

ஸ்டார்ட்அப் என்றில்லாமல் எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் மாறும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் தரவுப்படி, புதிதாகத் திறக்கும் தொழிலகங்களில் சுமார் 20 சதவீதம் முதல் ஆண்டிலேயே மூடுகின்றன. 5 ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதி மிஞ்சுகின்றன. இந்த மூடல்களிலும் எல்லாமே தோல்வி கிடையாது. உரிமையாளர் ஓய்வு பெற்றிருக்கலாம், வேறு தொழிலுக்கு மாறியிருக்கலாம்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருவோம். 2016 ஜனவரி 16 அன்று தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தில், 2025 ஜனவரி நிலவரப்படி 1.59 லட்சம் நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்றிருந்தன. இதுவும் உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கைதான். எத்தனை பேர் லாபத்தில் இருக்கிறார்கள் என்பதை இந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

தோற்றவர் அடுத்த முறை ஜெயிப்பாரா?

இதற்கு அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, பால் காம்பர்ஸும் மூன்று சக ஆய்வாளர்களும் செய்தது. அமெரிக்காவில் முதலீட்டு நிறுவனங்களின் பணம் பெற்ற தொழில்முனைவோரைத்தான் பார்த்தார்கள். நிறுவனம் பங்குச்சந்தை வரை போனால் வெற்றி. 2008-ல் வந்த வடிவத்தில் அவர்கள் சொன்னது இது:

முதல்முறை தொடங்குபவரின் வெற்றி வாய்ப்பு: 18 சதவீதம்.

ஏற்கெனவே தோற்றவரின் வாய்ப்பு: 20 சதவீதம்.

ஏற்கெனவே ஜெயித்தவரின் வாய்ப்பு: 30 சதவீதம்.

நடு வரியைக் கவனியுங்கள். தோற்ற அனுபவம் 18-ஐ 20 ஆக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஜெயித்த அனுபவம் அதை 30 வரை கொண்டு போகிறது. அப்போ, தோல்வியைவிட வெற்றிதான் நல்ல வாத்தியாரா? அப்படியும் உடனே சொல்லிவிட முடியாது. ஜெயித்தவருக்குத் திறமை இருக்கலாம், நேரம் சரியாக அமைந்திருக்கலாம். அதோடு, அடுத்த முறை நல்ல முதலீட்டாளரும் நல்ல ஊழியர்களும் அவரைத் தேடி வருவார்கள். ஆனால் 'தோற்றாலே பாதி ஜெயித்த மாதிரி' என்ற பேச்சுக்கு இந்தத் தரவில் ஆதரவு இல்லை.

வெற்றியும் கேரண்டி கிடையாது. டாக்ஸிஃபார்ஷூர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் அப்ரமேயா ராதாகிருஷ்ணா. அந்த நிறுவனத்தை 2015-ல் ஓலா வாங்கியது. அவர் அடுத்து இணைந்து தொடங்கிய 'கூ' சமூக ஊடகத்தை, விற்பனைப் பேச்சுகள் கைகூடாத நிலையில் 2024 ஜூலையில் மூட வேண்டியதாயிற்று.

மளிகை டெலிவரி: கால் நூற்றாண்டுத் தோல்விகளின் கதை

ஒரே சிக்கலைப் பலர் பல முறை முயன்று தோற்ற துறையைப் பார்த்தால், பாடம் எப்படி நகர்கிறது என்பது தெளிவாகத் தெரியும். இந்தியாவில் அதற்கு ஆன்லைன் மளிகையைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1999-ல் பெங்களூருவில் ஃபேப்மார்ட் தொடங்கியது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லாத காலம், கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களும் குறைவு. இசை, புத்தகம் என்று ஆரம்பித்து மளிகைக்கும் வந்தார்கள். சந்தை போதவில்லை. அதனால் குழுவில் சிலர் ஃபேப்மால் என்ற பெயரில் நேரடி சூப்பர் மார்க்கெட்களை நடத்தினார்கள். அந்தக் கடைகள் பிறகு ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. ஹரி மேனன், வி.எஸ். சுதாகர், விபுல் பரேக், வி.எஸ். ரமேஷ் ஆகியோர் அபினய் சௌத்ரியுடன் சேர்ந்து 2011-ல் மறுபடியும் ஆன்லைன் மளிகைக்கு வந்தார்கள். அதுதான் பிக்பாஸ்கெட். 2021-ல் அதன் பெரும்பான்மைப் பங்கை டாடா டிஜிட்டல் வாங்கியது.

அதே ஃபேப்மார்ட்டின் இன்னொரு கிளை என்ன ஆனது? இணை நிறுவனர்களில் ஒருவரான கே. வைத்தீஸ்வரன் ஆன்லைன் வணிகத்தைத் தொடர்ந்து நடத்தினார். அது இந்தியாபிளாசா என்று பெயர் மாறியது. பெரும் முதலீட்டோடு வந்த போட்டியாளர்கள் தள்ளுபடியைக் கொட்டிய காலத்தில், அடுத்த சுற்றுப் பணம் கிடைக்காமல் 2013-ல் முடங்கியது. மூடிய பிறகும் துரத்திய நிலுவைகளையும் நெருக்கடிகளையும் பற்றி அவர் 2017-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஒரே ஆரம்பம், ஒரே பள்ளிக்கூடம். ஒரு கிளை மளிகைக் கடை நடத்தக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தது. இன்னொன்றுக்குத் திரும்பி வரும் அளவுக்குப் பணமும் நேரமும் மிஞ்சவில்லை.

2014 வாக்கில் இரண்டாவது அலை. குரோஃபர்ஸ், பெப்பர்டாப் போன்றவை கிடங்கே வேண்டாம் என்று முடிவெடுத்தன. பக்கத்து மளிகைக் கடையில் பொருளை எடுத்து வீட்டில் கொடுத்தால் போதும் என்பது திட்டம். காகிதத்தில் அருமையான யோசனை. நடைமுறையில், கடையில் எந்தப் பொருள் இருக்கு, எது தீர்ந்து போச்சு என்பது செயலிக்குத் தெரியாது. ஆர்டர் போட்டவருக்குப் பாதிப் பொருள் வரும், மீதி 'ஸ்டாக் இல்லை'. அதன் மேல் தள்ளுபடியும் டெலிவரிச் செலவும். பெப்பர்டாப் 2016 ஏப்ரலில் மளிகை டெலிவரியை நிறுத்தியது. அதன் நிறுவனர் எழுதிய விளக்கத்தில் இவைதான் இருந்தன: கடைகளின் பொருள் பட்டியலைச் செயலியோடு முழுசாக இணைக்காமலே வேகமாகப் பல நகரங்களுக்கு விரிந்தது, தள்ளுபடி, ஒவ்வொரு ஆர்டரிலும் நஷ்டம்.

குரோஃபர்ஸும் தப்பவில்லை. 2016 ஜனவரியில் கோயம்புத்தூர் உட்பட 9 நகரங்களில் சேவையை நிறுத்தியது. ஆனால் மீதமிருந்த நகரங்களில் ஒரு விஷயத்தை மாற்றியது. கடையிலிருந்து எடுப்பதை விட்டு, சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று தனக்கே தெரியும் கிடங்கு முறைக்கு நகர்ந்தது. 2021 டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றியது. 2022-ல் சொமாட்டோ 4,447 கோடி ரூபாய் மதிப்பிலான பங்குப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் அதை வாங்கியது.

செப்டோ கதையும் இதே திருப்பம்தான். 2020-ல் கிரானாகார்ட் என்ற பெயரில், பக்கத்துக் கடைகளிலிருந்து பொருளை எடுத்துக் கொடுக்கும் முறையில்தான் தொடங்கினார்கள். அது சரிவராததால், அடுத்த ஆண்டே டெலிவரிக்கு மட்டும் இயங்கும் சிறு கிடங்குகளுக்கு மாறினார்கள். பெப்பர்டாப் மூடிய 2016-லேயே பொதுவெளிக்கு வந்துவிட்ட பாடம் இது.

பாடம் தெரிந்தாலும் கதை அங்கேயே முடிந்துவிடாது. ரிலையன்ஸ் ரீடெயில் 2022 ஜனவரியில் 20 கோடி டாலர் முதலீடு செய்த டன்சோவும் சிறு கிடங்கு முறைக்கு வந்ததுதான். 2023-ல் ஊழியர் சம்பளம் தாமதமானது. 2025 தொடக்கத்தில் செயலி முடங்கியது.

பாடத்தின் சைஸ் முக்கியம்

இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். உபயோகமான பாடம் ரொம்பச் சின்னதாக, துல்லியமாக இருக்கிறது. 'இந்தியர்கள் ஆன்லைனில் மளிகை வாங்க மாட்டார்கள்' என்று 2001-லும் 2016-லும் முடிவு கட்டியிருக்கலாம். அது தப்பான பாடம். 'சரக்கு நம் கையில் இல்லையென்றால் ஆர்டரை முழுசாகக் கொடுக்க முடியாது' என்பதுதான் வேலைக்கு ஆன பாடம்.

அமெரிக்காவில் இதே மளிகைத் துறையில் ஒருவர் இதைவிடச் சின்னத் துண்டை எடுத்துப் போனார். வெப்வேன் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம் 2001 ஜூலையில் திவாலானது. அங்கே வேலை பார்த்த மிக் மவுன்ட்ஸ், கிடங்கில் ஒவ்வொரு பொருளையும் தேடி எடுத்து ஆர்டரைச் சேர்க்கும் செலவைத்தான் பெரிய ஓட்டையாகப் பார்த்தார். 2003-ல் கிவா சிஸ்டம்ஸ் தொடங்கினார். ஆள் அலமாரியைத் தேடிப் போகாமல், ரோபோ அலமாரியையே ஆளிடம் கொண்டுவரும் ஏற்பாடு அது. 2012-ல் அமேசான் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது.

நம் அளவில் ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இட்லி மாவு பாக்கெட் ஒன்று 60 ரூபாய். அரிசி, உளுந்து, கரண்ட், பாக்கெட் சேர்த்து 34 ரூபாய். டெலிவரி 20 ரூபாய். கடைக் கமிஷனும் புளித்துத் திரும்பி வரும் பாக்கெட் நஷ்டமும் 9 ரூபாய். மொத்தச் செலவு 63. பாக்கெட்டுக்கு 3 ரூபாய் நஷ்டம். 100 பாக்கெட் விற்றால் 300 ரூபாய் போகும், 1,000 விற்றால் 3,000 போகும். விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.

இந்தத் தொழில் மூடினால், 'மார்க்கெட்டிங் பத்தல' என்று சொல்வது சுலபம். அந்தப் பாடத்தோடு அடுத்த தொழிலுக்குப் போனால் விளம்பரத்துக்கு இன்னும் பணம் போகும். '3 கிலோமீட்டர் தாண்டிப் போன ஆர்டர்கள்தான் நஷ்டம்' என்று கண்டுபிடித்தால், தொழிலை மூடாமலேயே காப்பாற்ற வழி இருக்கலாம்.

மனசு ஏன் பாடத்தை மறைக்கிறது?

தோல்வியில் பாடம் இருந்தும் நாம் அதை எடுத்துக்கொள்வதில்லை. இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லர், அய்லெட் ஃபிஷ்பாக் இருவரும் இரண்டே விடை கொண்ட கேள்விகளைக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்று தப்பு என்றால் மற்றது சரி. ஆகவே 'உங்கள் விடை சரி', 'உங்கள் விடை தப்பு' ஆகிய இரண்டு பதிலிலும் ஒரே அளவு தகவல்தான் இருக்கிறது. இருந்தும் 'சரி' என்று கேட்டவர்கள் அதிகம் கற்றார்கள், 'தப்பு' என்று கேட்டவர்கள் குறைவாகக் கற்றார்கள். தோல்வி தன்மானத்தைச் சீண்டுகிறது, மனம் அந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அடுத்தவர் தோற்பதைப் பார்த்தபோது இந்தத் தடை இல்லை. பெப்பர்டாப்பின் விளக்கத்தை நீங்கள் படிப்பதில் மனவலி இல்லை. பாடம் முழுசாகக் கிடைக்கும்.

சொந்தத் தோல்வியில் துக்கமும் சேர்கிறது. தொழில் தோல்வியை ஓர் இழப்பாக, துக்கமாகப் பார்க்க வேண்டும் என்று 2003-ல் எழுதியவர் டீன் ஷெப்பர்டு. அவர் கருத்துப்படி, துக்கம் அதிகமாக இருக்கும்போது கற்பது குறையும். நடந்ததை எந்நேரமும் கிளறிக்கொண்டே இருப்பதும் சரியில்லை, அதைத் தொடாமல் ஓடுவதும் சரியில்லை. இரண்டுக்கும் மாறி மாறிப் போவது மீண்டு வர உதவும். கடையை மூடிய மறுவாரமே 'என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்கும் நண்பருக்குப் பதில் இல்லாவிட்டால் பரவாயில்லை.

தரவுப் பக்கத்திலிருந்து வந்த முக்கியமான ஆய்வு 2019-ல் நேச்சர் இதழில் வெளியானது. யியான் யின், டாஷுன் வாங் குழுவினர், அமெரிக்க ஆராய்ச்சி நிதிக்கான 7.7 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களையும் 46 ஆண்டு ஸ்டார்ட்அப் முதலீட்டுத் தரவுகளையும் அலசினார்கள். கடைசியில் ஜெயித்தவர்களும் ஜெயிக்காதவர்களும் முயன்ற எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜெயித்தவர்கள் முந்தைய முயற்சியில் சரியாக அமைந்த பகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சரிவராததை மட்டும் மாற்றினார்கள். அதனால் அவர்களுடைய முயற்சிகளுக்கு நடுவிலான இடைவெளி குறுகிக்கொண்டே வந்தது. மற்றவர்கள் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கினார்கள். விடாமுயற்சி அவர்களுக்கும் இருந்தது, அது மட்டும் போதவில்லை.

மீஷோவை இங்கே பொருத்திப் பார்க்கலாம். 2015-ல் விதித் ஆத்ரேயும் சஞ்சீவ் பர்ன்வாலும் தொடங்கியது ஃபேஷ்நியர், அதாவது பக்கத்துத் துணிக்கடைகளைச் செயலியில் காட்டும் சேவை. அது எடுபடவில்லை. ஆனால் சிறு வியாபாரிகள் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக விற்பதைக் கவனித்தார்கள். சிறு வியாபாரிகளுடன் வேலை செய்வதை வைத்துக்கொண்டு, விற்கும் வழியை மட்டும் மாற்றினார்கள். அதுதான் மீஷோ ஆனது. தோற்ற முயற்சியின் பெயர் பல ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் பதிவுப் பெயராகவே இருந்தது.

இந்தியாவில் தோற்றால் பில் யாருக்கு?

ஊக்கப் பேச்சுகளில் காணாமல் போகும் பகுதி இதுதான். தோல்வியிலிருந்து கற்று மீண்டும் வர வேண்டும் என்றால், அந்தத் தோல்வி உங்கள் வீட்டையும் அடுத்த பத்து ஆண்டையும் எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

தொழிலின் வடிவம். தனிநபர் உரிமையாகவோ சாதாரணக் கூட்டாண்மையாகவோ நடத்தினால், தொழில் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி. வடிவங்களில் பொதுவாக நீங்கள் போட்ட முதலோடு பொறுப்பு நிற்கும்.

பர்சனல் கேரண்டி. மேலே சொன்ன பாதுகாப்புச் சுவரில் நீங்களே ஓட்டை போடும் இடம் இது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், கம்பெனி கட்டாததை உங்களிடம் கேட்கலாம். கம்பெனிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த தனிநபர்கள் மீது திவால் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும் விதிகள் 2019 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ளன. 2021 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்பாவோ மனைவியோ கணவரோ கேரண்டி போட்டாலும் இதே கதைதான்.

செக். கணக்கில் பணம் இல்லாமல் செக் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பணம் வற்றும் கடைசி மாதங்களில் பின்தேதியிட்ட செக் கொடுப்பது சுலபமான வழியாகத் தெரியும். பின்னால் அதிகம் துரத்துவதும் அதுதான்.

நிலுவை. சென்னையில் வேர்விட்ட தங்குமிட முன்பதிவு நிறுவனமான ஸ்டேசில்லா, 2017 பிப்ரவரியில் செயல்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே, விளம்பர நிறுவனம் ஒன்று நிலுவைத் தொகை தொடர்பாகக் கொடுத்த புகாரில் அதன் நிறுவனர் கைது செய்யப்பட்டார், பிறகு ஜாமீனில் வந்தார். வணிகத் தகராறு எப்போது போலீஸ் வாசலுக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சப்ளையர்களிடம் எழுத்தில் பேசி, எழுத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது.

மூடும் முறை. செயல்பாடு இல்லாத கம்பெனியை, கடன் பொறுப்புகளைத் தீர்த்த பிறகு, 2013 கம்பெனிகள் சட்டத்தின் 248-வது பிரிவின் கீழ் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லலாம். எஸ்.டி.கே.-2 என்ற படிவம், கட்டணம் 10,000 ரூபாய். பதிவாகி ஓராண்டுக்குள் தொழிலே தொடங்காமல் இருந்திருக்க வேண்டும், அல்லது கடந்த 2 நிதியாண்டுகளாக வணிகம் நடக்காமல் இருக்க வேண்டும். இந்த விண்ணப்பங்களை விரைவாக முடிக்க 2023 மே முதல் சி-பேஸ் என்ற தனி மையம் இயங்குகிறது. ஜி.எஸ்.டி. பதிவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும். சாதாரணப் பதிவில் இருப்பவர்கள் 3 மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னும் போட வேண்டும்.

'அப்படியே விட்டுடலாம், யார் கேட்கப்போறா?' என்று பலரும் கம்பெனியைக் கிடப்பில் போடுகிறார்கள். தொடர்ந்து 3 நிதியாண்டுகள் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யாவிட்டால், இயக்குநர்கள் 5 ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார்கள். அதாவது, கற்ற பாடத்தை வைத்து அடுத்த கம்பெனி தொடங்கும் நேரத்தில் உங்கள் பெயரை இயக்குநராகப் போட முடியாது.

தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

ஒன்று, இழப்பின் எல்லை. 'ரூ.6 லட்சம் அல்லது 14 மாதம், எது முதலில் வருதோ அதோடு நிறுத்தணும்' என்பது போல ஒரு தொகையும் தேதியும் எழுதுங்கள். இணை நிறுவனரும் வீட்டில் ஒருவரும் அதைப் படித்திருக்க வேண்டும். நஷ்டத்தின் நடுவில் உட்கார்ந்து இந்த எல்லையை முடிவு செய்ய முடியாது. 'இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்' என்றுதான் தோன்றும்.

இரண்டு, தொடக்கூடாதவை. குடியிருக்கும் வீடு, பெற்றோரின் ஓய்வூதியப் பணம், குடும்ப நகை, மருத்துவக் காப்பீடு. வேலையை விட்டால் ஆபீஸ் காப்பீடும் போய்விடும் என்பதால், தனியாக ஒன்று எடுத்துவிட்டு ராஜினாமா கடிதம் கொடுங்கள்.

மூன்று, நம்பிக்கைகள். உங்கள் தொழில் ஓட, எந்த மூன்று விஷயங்கள் உண்மையாக இருந்தாக வேண்டும்? 'வாங்கியவர் மாதம் இரண்டு முறையாவது திரும்பி வருவார்', 'டெலிவரிச் செலவு 15 ரூபாயைத் தாண்டாது' என்று எண்ணோடு எழுதுங்கள். பின்னால் எது பொய்த்தது என்று இந்தத் தாள்தான் காட்டும். இது இல்லாவிட்டால், நடந்து முடிந்த பிறகு மனசு தனக்கு வசதியான ஒரு கதையைக் கட்டிவிடும்.

நான்கு, போனவர்களிடம் கேட்பது. சி.பி. இன்சைட்ஸ் நிறுவனம், மூடிய 101 ஸ்டார்ட்அப்களின் விளக்கங்களைத் தொகுத்தபோது, 42 சதவீதத்தில் 'சந்தைக்கு இது தேவைப்படவில்லை' என்ற காரணம் வந்தது. பணம் தீர்ந்தது என்பது 29 சதவீதத்தில். இவை நிறுவனர்களும் மற்றவர்களும் மூடிய பிறகு சொன்ன காரணங்கள் என்பதை மனதில் வைக்கவும். வாங்குவதை நிறுத்திய 10 வாடிக்கையாளர்களுக்கு போன் போட்டு 'ஏன் நிறுத்தினீங்க?' என்று கேட்டால் கிடைக்கும் பதில் இன்னும் நேரடியானது. கடை திறந்திருக்கும்போதே கேட்டால் இன்னும் நல்லது.

ஐந்து, மூடும் வரிசை. ஊழியர் சம்பளம், பி.எஃப்., டி.டி.எஸ்., ஜி.எஸ்.டி., சிறு சப்ளையர்கள். இவற்றுக்குத் தேவையான பணத்தைக் கணக்கிட்டு, அந்த அளவு கையில் இருக்கும்போதே நிறுத்துங்கள். அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது போனை எடுக்கப்போவது இதே ஆட்கள்தான்.

பணமும் நேரமும் மிஞ்சினால் என்ன நடக்கும்?

1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றது. 2001 சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் பலர் காணாமல் போனார்கள். வெளி முதலீட்டாளர்களின் அழுத்தம் இல்லாத அந்த நிறுவனம், தன் இன்ஜினீயர்களின் அதே திறமையை நிறுவனங்களின் ஐ.டி. நிர்வாகத்துக்கான மென்பொருளுக்குத் திருப்பியது. மேனேஜ்என்ஜின் அப்படித்தான் வந்தது. 2005-ல் ஸோஹோ வந்தது. இன்று நிறுவனத்தின் பெயரே அதுதான். சந்தை போனது, குழு போகவில்லை.

அவசரப்படவும் காரணம் இல்லை. பியர் அசூலே உள்ளிட்டோர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கு அலுவலகத் தரவை வைத்துச் செய்த ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த 0.1 சதவீத நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. அதே துறையில் முன்அனுபவம் இருந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது. 27 வயதில் வேலையில் இருந்துகொண்டு ஒரு துறையின் உள்விவரம் கற்பதும் தயாரிப்பின் ஒரு பகுதிதான். அங்கே நடக்கும் தப்புகளின் செலவை முதலாளி ஏற்கிறார்.

தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், முதல் வேலையாக உங்கள் துறையில் மூடிப்போன மூன்று நிறுவனங்களைத் தேடிப் படியுங்கள். நிறுவனர்கள் எழுதிய விளக்கங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தப் பாடங்களுக்கு ஃபீஸ் கட்டியது வேறொருவர்.

நிறுவனம் மூடுவது, கேரண்டி, வரி நிலுவை பற்றி மேலே சொன்னவை பொதுவான விதிகள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடமும் வழக்கறிஞரிடமும் காகிதங்களைக் காட்டுங்கள்.